உண்டு என்று ஒரு சொல்



2014 ஆம் ஆண்டு தை மாதம் நானும் எனது கணவரும் குவாத்தமாலா என்னும் நாட்டில் போய் இறங்கினோம். அது எங்கே இருக்கிறது என்று புறப்படுவதற்கு முன்னர் அம்மா கேட்டார். பழைய பள்ளிக்கூட அட்லஸை விரித்து, மெக்சிக்கோவுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன்.

"நகத்தளவு இடம். அதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

எனது கணவர் ஒரு போதகர். வன்னியில் இடம்பெயர்ந்த மக்கள் நடுவில் பல வருடங்கள் ஊழியம் செய்தவர். குவாத்தமாலாவிலும் 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ போனதாக 1999 இல் வெளியான உண்மை அறியும் ஆணைக்குழுவின் அறிக்கை மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதமானோர் மாயா பழங்குடி மக்கள். போரைக் கண்டவர்கள் போரைக் கண்டவர்களிடம் போவது நல்லது என்று திருச்சபையில் கேட்டார்கள். மூன்று வருடங்கள் என்றார்கள். கணவர் சம்மதித்தார். நானும் சம்மதித்தேன். ஆனால் எனது மனம் சம்மதிக்கவில்லை.

காரணம் எனது தம்பி. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனை நாங்கள் காணவில்லை. அப்போது அவனுக்கு 22 வயது. அம்மா ஒவ்வொரு இரவும் அவனுக்கென்று ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். "அவன் வரேக்க வீட்டில ஆக்கள் இருக்க வேணும்" என்பார். அந்த வீட்டை விட்டுத்தான் நான் போனேன். பெரியம்மாவின் மகள் அம்மாவுடன் வந்து தங்குவதாகச் சொன்ன பிறகே போனேன் என்றாலும், அம்மாவைத் தனியே விட்டுவிட்டேன் என்ற எண்ணம் விமானத்தில் ஏறும்போது கல்லைப் போலக் கனத்தது. எனது பையில் அம்மா வறுத்து இடித்துத் தந்த ஒரு கிலோ மிளகாய்த்தூள் இருந்தது.

முதலில் எங்களை அந்திகுவா என்னும் நகரத்தில் ஸ்பானிய மொழி படிக்க விட்டார்கள். 1773 இல் பூமியதிர்ச்சியால் இடிந்த பழைய தலைநகரம் அது. தெருவெல்லாம் கற்கள் பதித்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால் எரிமலைகள். ஒன்று இடைக்கிடை புகை கக்கும். கடல் மட்டத்திலிருந்து 1500 மீற்றர் உயரம் என்பதால் இரவில் குளிர் எலும்புக்குள் இறங்கும். இரண்டு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு நாங்கள் கிடப்போம்.

ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினோம். அந்த வீட்டுக்கார அம்மா என்னை "மிஹா" என்று கூப்பிடுவார். என் மகள் என்று பொருள். நாங்கள் "பிள்ளை" என்பது போலத்தான். முதல் நாள் நீங்கள் யார் என்று கேட்டார். மனனம் செய்து வைத்திருந்தபடி, நான் தமிழ் என்று ஸ்பானிய மொழியில் சொன்னேன். அவருக்கு அது "தமால்" என்று கேட்டிருக்கிறது. தமால் என்பது சோள மாவைக் குழைத்து, நடுவில் இறைச்சி வைத்து, இலையில் சுற்றி அவிக்கும் உணவு. "நான் ஒரு கொழுக்கட்டை" என்று ஒரு வெளிநாட்டுப் பெண் வந்து நின்று சொன்னால் எப்படி இருக்கும்? அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டாரும் வந்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு தமால் வாங்கித் தந்து, "உன் சொந்தக்காரர்" என்றார்.

பள்ளியில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியை. முற்றத்தில் ஒரு சிறிய மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டிருக்கும். காலையில் நான்கு மணித்தியாலம் முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டும். ஒளிந்துகொள்ள முடியாது. உச்சரிப்பில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு வராத "த" எங்களது வாயில் பிறவியிலேயே இருக்கிறது. அவர்கள் தலைகீழாய் நின்று பழகும் "ஞ" எங்களது அரிச்சுவடியில் இருக்கிறது. ஆசிரியை என்னைப் பாராட்டினார். கர்வம் வந்தது. மறுநாளே அது போயிற்று. நான் மிகவும் களைத்திருக்கிறேன் என்பதற்குக் "கான்சாதா" என்று சொல்ல வேண்டும். நான் "காசாதா" என்றேன். "நான் மிகவும் கலியாணம் கட்டியிருக்கிறேன்" என்று அதற்குப் பொருள்!

எனக்கு இது சிரிப்பு. எனது கணவருக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. அவர் பேசுவதையே வேலையாகக் கொண்டவர். ஊரில் அவர் பேச எழுந்தால் பிள்ளைகளும் அழுகையை நிறுத்தும். இங்கே கடையில் முட்டை வாங்கவும் விரலைக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது மாதத்தில் ஒரு சிறிய சபையில் ஐந்து நிமிடம் பேசும்படி கேட்டார்கள். எழுதி வைத்துத்தான் வாசித்தார். "பெக்காதோ" என்றால் பாவம். "பெஸ்காதோ" என்றால் மீன். ஆண்டவர் எங்களது மீன்களையெல்லாம் மன்னித்தார் என்று மூன்று தரம் வாசித்துவிட்டார். சபையார் நல்லவர்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றிரவு அவர் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"பேசத் தெரிஞ்சவன் எண்டுதானே என்னை அனுப்பினவை. பேச்சில்லாமல் நான் என்ன செய்யிறது? நீர் சொல்லும் பாப்பம்" என்றார்.

எனக்கும் பதில் தெரியவில்லை. "நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். அம்மாவின் மிளகாய்த்தூளில் ஒரு முட்டைக் குழம்பு வைத்திருந்தேன். இருவரும் அழுதபடியே சாப்பிட்டோம். உறைப்பினால் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

எனது முறை அதற்கு அடுத்த கிழமை வந்தது. குடும்பத்தைப் பற்றிய பாடம். சகோதரர்கள் இருக்கிறார்களா என்று ஆசிரியை கேட்டார். "தெங்கோ" என்றால் எனக்கு உண்டு இப்போது. "தெனியா" என்றால் முன்பு இருந்தது. இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் வசனத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதா? இருந்தான் என்பதா? ஐந்து வருடங்களாக ஊரில் யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் கேட்கமாட்டார்கள். இங்கே ஒரு இலக்கணப் பாடம் கேட்டுவிட்டது. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆசிரியை அவசரப்படுத்தவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பிறகு எனது கொப்பியில் ஒரு வசனத்தை எழுதினார். "லோ தெசப்பரெசியேரோன்." அவனைக் காணாமல் ஆக்கினார்கள் என்று பொருள். காணாமல் போதல் என்பது தானாக நடப்பது. ஆனால் இந்த நாட்டில் அதை ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் செயலாகவே பேசுகிறார்கள் என்று விளங்கப்படுத்தினார். எங்களது தாய்மாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? காணாமல் போனவர் இல்லை, காணாமல் ஆக்கப்பட்டவர் என்று. உலகத்தின் இரு முனைகளில் இருக்கும் பெண்கள், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே இடத்தில் தங்களது மொழியைத் திருத்தியிருக்கிறார்கள்.

தனது குடும்பத்திலும் ஒருவர் அப்படி என்று ஆசிரியை சொன்னார். அன்று நாங்கள் இலக்கணம் படிக்கவில்லை.

அவர்தான் எனது கணவருக்கு ஆயர் குவான் ஹெரார்தியைப் பற்றிச் சொன்னவர். போர் முடிகிற காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு வேலை செய்தது. சாதாரண ஊர்ச்சனத்தில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, கிராமம் கிராமமாக அனுப்பி, மக்களுக்கு நடந்ததை அவரவர் மொழியிலேயே கேட்டு எழுதச் செய்தது. அந்த அறிக்கையை 1998 ஏப்ரல் 24 அன்று ஆயர் வெளியிட்டார். இரண்டு நாட்களில், ஏப்ரல் 26 அன்று, அவர் கொல்லப்பட்டார். இதைக் கேட்ட பிறகு எனது கணவர் பேச்சு வரவில்லை என்று வருந்துவதைக் குறைத்துக்கொண்டார். "கேக்கிறதுக்கும் ஊழியம் எண்டுதான் பேர் போல" என்றார்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு சிமால்தெனாங்கோ மாகாணத்தில், சான் குவான் கோமலாபா என்னும் ஊருக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்துக்குப் போனோம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி ஓடிக் களைத்த பழைய பஸ்களுக்கு இங்கே சிவப்பும் பச்சையும் அடித்து ஓட்டுகிறார்கள். நடத்துனர் பெடியன் வாசலில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவுவான். கண்ணை மூடினால் எங்களது மினிபஸ்தான்.

அந்தக் கிராமத்தில் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைத்தது. அங்குள்ள வயதான பெண்களுக்கும் ஸ்பானியம் தாய்மொழி இல்லை. அவர்களது மொழி கக்சிக்கேல். குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. அவர்களும் ஸ்பானியத்தை என்னைப் போலவே தட்டித் தடவித்தான் பேசினார்கள். நான் பிழை விட்டால் சிரிக்கமாட்டார்கள். அவர்கள் பிழை விட்டால் எனக்குத் தெரியவே தெரியாது!

அவர்களது குசினியும் எனக்குப் பழகிய குசினி போல இருந்தது. சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் அவித்து, கழுவி, அரைத்து, கையால் தட்டித் தட்டி ரொட்டி சுடுவார்கள். ஆலைக்குக் கொண்டுபோய் அரைக்கிறவர்களும் கடைசியில் ஒரு தரம் கல்லில் இழுப்பார்கள். அந்தக் கல் எங்களது அம்மிதான், மூன்று கால் மட்டும் கூடுதல். ஒரு நாள் அதன் முன்னால் முழங்காலில் இருந்து நான் அரைத்துக் காட்டினேன். "இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும்" என்று ஒரு முதியவர் சொன்னார். ஆறு மாதம் ஸ்பானியம் படித்ததில் கிடைக்காத மதிப்பு அம்மியில் கிடைத்தது.

அந்த முதியவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெயரை எழுதவில்லை. தறியை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்பவர். அவர்களது ஒவ்வோர் ஊருக்கும் மேற்சட்டையில் தனி வேலைப்பாடு உண்டு. போர்க்காலத்தில் எந்த ஊர் என்று சட்டை காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து சில பெண்கள் அதை மாற்றி உடுத்தினார்களாம்.

முதல் தரம் நாங்கள் அவரது வீட்டுக்குப் போனபோது எனது கணவரின் கையில் வேதாகமம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "1982 இல் நாட்டைப் பிடித்த தளபதியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் கடவுளைப் பற்றிப் பேசினார். உங்களது கடவுள் அவரது கடவுளா?"

அந்தத் தளபதி எஃப்ராயின் ரியோஸ் மொந்த். இனப்படுகொலைக் குற்றத்துக்காக 2013 மே மாதம் நீதிமன்றம் அவருக்கு 80 வருடச் சிறை விதித்தது. பத்தே நாட்களில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. மறுபடி விசாரணை முடியுமுன் 2018 இல் அவர் இறந்துவிட்டார்.

எனது கணவர் பதில் தேடினார். அரைகுறை ஸ்பானியத்தில், "அம்மா, நான் இன்னும் பேசப் படிக்கவில்லை. இப்போது கேட்கத்தான் வந்தேன்" என்றார். நல்ல மொழி தெரிந்திருந்தால் அவர் ஒரு பிரசங்கம் செய்திருப்பார். தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. அந்த அம்மா அவரைக் கூர்ந்து பார்த்துவிட்டு, முற்றத்தில் கிடந்த விறகைக் காட்டினார். அவர் வேதாகமத்தை என்னிடம் தந்துவிட்டு விறகு கொத்தப் போனார். அதன் பிறகு நாங்கள் கிழமைக்கு இரண்டு தரம் அங்கே போனோம். ஐந்து மாதங்கள் வரை அவர் தனது கதையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியில் நான்தான் முதலில் சொன்னேன். எனது தம்பியைக் காணாமல் ஆக்கினார்கள் என்று, ஆசிரியை எழுதித் தந்த அதே வசனத்தைச் சொன்னேன். அவர் தறியிலிருந்து கையை எடுத்தார். தனது கணவரை எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோனதைச் சொன்னார். அவர் உடுத்திருந்த உடுப்பின் நிறத்தைக்கூடச் சொன்னார். கோமலாபாவில் பழைய இராணுவ முகாம் இருந்த நிலத்தை 2003 முதல் 2005 வரை தோண்டியபோது 220 பேரின் எச்சங்கள் கிடைத்தன. தோண்டிய நாட்களில் அவர் ரொட்டி கட்டிக்கொண்டு போய்க் குழியோரம் இருந்தாராம். இப்படியான இடங்களைத் தோண்டித் தேட வேண்டும் என்று வருடக்கணக்காகக் குரல் கொடுத்தவர்கள் விதவைகள்தான். அவர்களது அமைப்பான கோனவிகுவா 1988 இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோசாலினா துயூக் கோமலாபாக்காரர். தகப்பனை 1982 இலும் கணவரை 1985 இலும் இழந்தவர். பிறகு பாராளுமன்றத்துக்கும் தெரிவானவர்.

"உங்களது கணவர் அங்கே கிடைத்தாரா?" என்று கேட்டேன்.

"எஸ்பேரோ" என்றார்.

ஸ்பானியத்தில் "எஸ்பெரார்" என்ற சொல்லுக்குக் காத்திருத்தல் என்றும் பொருள், நம்பியிருத்தல் என்றும் பொருள். எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறவர்களுக்குத்தானே அந்தக் கேள்வி வரும்.

அடுத்த நாள் காலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே மாலை 6.30. அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். வழமையாகத் தம்பியின் பேச்சு வந்தால் அம்மா கதையை மாற்றிவிடுவார். அன்று முழுவதையும் கேட்டார். பிறகு, "அவவும் கோப்பை எடுத்து வைக்கிறவவோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். கோப்பை வைப்பதில்லையாம். கார்த்திகை முதலாம் திகதி எல்லோரும் கல்லறைகளுக்கு மஞ்சள் பூக்கள் கொண்டுபோகும்போது, தனக்குக் கல்லறை இல்லாததால் வீட்டுவாசலில் ஒரு கைபிடி பூவை வைப்பாராம். "உனது அம்மாவிடம் சொல். வேறொன்றும் செய்ய வேண்டும். எழுதி வைக்க வேண்டும்" என்றார். எச்சங்களைத் தேடுகிற நிபுணர்கள் வந்தபோது அவரிடம் கேட்டவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். உயரம் எவ்வளவு? எந்தப் பல் இல்லை? எப்போதாவது எலும்பு முறிந்ததா? கடைசியாக என்ன உடுத்திருந்தார்? மரபணுச் சோதனைக்காக எச்சிலும் எடுத்தார்களாம். "எனது மாமிக்கு எல்லாம் தெரியும். அவர்கள் வருமுன் மாமி செத்துப்போனா. அவரது பல்லைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை" என்றார்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. சொன்னதும் அம்மா கோபப்பட்டார். "அவனைச் செத்தவனாக்கி எழுதச் சொல்லுறியோ?" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. நான் தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவின் நெஞ்சில் குத்திவிட்டேனே என்று தவித்தேன். கணவர் என்னைத் தேற்ற முயலவில்லை. பக்கத்தில் இருந்தார். அவரும் அந்த வருடத்தில் அதைப் படித்திருந்தார்.

2017 இல் ஊருக்குத் திரும்பினோம். வந்து மூன்றாம் நாள் அம்மா ஒரு பள்ளிக்கொப்பியைக் கொண்டுவந்து எனது மடியில் வைத்தார். "நான் சொல்லுறன், நீ எழுது. ஆனால் இருந்தது எண்டு எழுதாதை" என்றார்.

நான் பேனையைப் பிடித்துக்கொண்டு திகைத்தேன். அந்திகுவாவின் முற்றத்தில் என்னை மறித்த அதே இடம். இருக்கிறதா, இருந்ததா? அப்போதுதான் அம்மாவே சொல்லத் தொடங்கினார்.

"உயரம் அஞ்சு அடி ஏழு. இடது கையில முறிவு உண்டு, பதினொரு வயதில மாமரத்தால விழுந்தது. மேல் வரிசையில ஒரு பல் மேல ஏறினபடி உண்டு. வலது முழங்காலில தழும்பு உண்டு."

உண்டு. எங்களது மொழியில் அந்தச் சொல்லுக்குக் காலம் இல்லை. இன்றைக்கும் பொருந்தும், நேற்றைக்கும் பொருந்தும். எழுதுகிற கையையும் அது உடைப்பதில்லை. மூன்று வருடங்கள் இன்னொரு மொழியைப் படித்துவிட்டு வந்து, பிறந்த மொழியில் ஒரு சொல்லை அம்மாவிடம் படித்தேன்.

2018 ஆனி மாதம் கோமலாபாவில் அந்த முகாம் நிலத்திலேயே ஒரு நினைவிடம் அமைத்து, அடையாளம் காணப்படாத 172 பேரை மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள். அந்த அம்மா பூக்கொண்டு போனதாக அங்கிருந்து செய்தி வந்தது. இனி வாசலில் வைக்க வேண்டியதில்லை என்றாராம்.

சகோதரிகளே, வெளிநாட்டில் ஊழியம் செய்து என்ன சாதித்தீர்கள் என்று எங்களிடம் கேட்கிறார்கள். விறகு கொத்தினோம், சோளம் அரைத்தோம், கேட்டோம். அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவரது விபரங்களை அறிந்த தாயும் மாமியும் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பல், தழும்பு, முறிவு, உயரம், கடைசியாய் உடுத்த உடுப்பு. எழுதுவது கைவிடுவது ஆகாது. எழுத மனம் வராவிட்டால், எங்களது அம்மா சொன்னதுபோல உண்டு என்று எழுதுங்கள்.

அம்மாவின் கொப்பி அலுமாரியில், தம்பியின் பள்ளிச் சான்றிதழோடு இருக்கிறது. கோப்பை இன்னமும் இரவில் கவிழ்த்து வைக்கப்படுகிறது.